நாடி சரியில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரிலிருந்து வீரபாண்டிப் பக்கம் போகிற இட்டேரியில் — இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட வண்டிப் பாதையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் — நாங்கள் ஐந்து பேர் நடந்து போய்க்கொண்டிருந்தோம். நான், என் மனைவி தெய்வானை, பதின்மூன்று வயது மகள் வசந்தா, அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க, குடும்பத்தோட நடந்து போறீங்களே... கெட்ட சேதிங்களா?"

"இல்லீங்க. சும்மா நடக்கறோமுங்க."

"சும்மாங்களா?"

"ஆமாங்க, சும்மாதானுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தெய்வானையின் முகத்தைப் பார்த்தார். "சரீங்க... மனசத் தேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் சிரிப்பாள் என்று திரும்பினால், தெய்வானை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளப்பிய புழுதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் முழுவதும் நான் நினைத்தது ஒன்றுகூடச் சரியாக இல்லை. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். நடுவில் எங்கேயாவது எனக்கே தலை சுற்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தபோது இதைவிட மோசமாகச் சுற்றியது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு கடிதம். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியது. "மூன்று வருஷமாக எழுதுகிறீர்கள். உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் ஒரு படம் அனுப்புங்கள். தனியாக, தெளிவாக எடுத்ததாக இருக்கட்டும்."

என் முகத்தை ஏன் பார்க்க வேண்டும்? பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? இந்தக் கேள்விகளையெல்லாம் எழுதி, கிழித்துப் போட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். எதற்கு மறைப்பானேன்!

ஆனால் என்னிடம் படம் ஏது? இருப்பது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதில் தும்மல் வருவதற்கு அரை நிமிஷம் முன்னால் மாதிரி ஒரு முகம். பக்கத்தில் தெய்வானை, யார் இந்த ஆள் என்கிற மாதிரி.

நான் வேலை பார்ப்பது ஒரு பனியன் கம்பெனியில், பாக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக. எங்கள் அட்டைப் பெட்டி மூடியில் ஒரு ஆள் பனியனோடு நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டிருப்பான். பதினோரு வருஷமாக தினமும் நூற்றுக்கணக்கான தடவை அவன் முகத்தைப் பார்க்கிறேன். மூக்கு, மோவாய், தோள் எல்லாம் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி இருக்கும். படத்துக்கு நிற்கிறவன் அப்படி இருக்க வேண்டும் என்று என் மனதில் பதிந்து போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக் கண்ணாடி ஜன்னல் முன்னால் அவனைப் போல நின்று பார்த்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டிங் மாஸ்டர், "ஏனுங்க, முதுகு புடிச்சுக்கிச்சுங்களா?" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. கூச்சம். பத்திரிகையில் என் முகம் வரப் போகிறது என்று தெய்வானையிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் படம் நன்றாக இல்லாவிட்டால் தெருவில் எப்படி நடப்பது? படம் அச்சில் வந்த பிறகு மடித்துக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கலாம் என்று ஒரு திட்டம்.

மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூடியோக்காரர் பெயர் செல்லையா. தெற்கேயிருந்து வந்தவர். எட்டு வருஷமாக எங்கள் ஊரில்தான் தொழில், ஆனால் பேச்சு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். பெரிய விளக்கைப் போட்டார். என் முகத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஒரு பெருமூச்சு விட்டு விளக்கை அணைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. நாடி சரியில்ல."

"என்னங்க?"

"நாடி. ரெண்டாத் தெரியுது. எத்தன வருசமா இப்படி இருக்கு?"

"தெ... தெரியிலீங்களே."

"இப்ப எடுத்தா நல்லா வராது. ஒரு மாசம் நடங்க. சாயங்காலம் தவறாம நடக்கணும். சீனிய அடியோட விட்டுருங்க. நாடி ஒண்ணா வந்துட்டுன்னா அப்புறம் எடுத்திரலாம். நான் கார்டு போடுதேன்."

"சரிங்க" என்றேன்.

திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்கள் இந்த இடத்தில் ஏன் சிரிக்கிறார்கள் என்று மற்றவர்கள் இப்போது கேட்க வேண்டாம். நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. அதுதானே வினை!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம். யார் என்ன சொன்னாலும் முதலில் "சரிங்க" என்றுவிடுவோம். புரிந்ததா என்பது வேறு விஷயம். "அப்படீன்னா என்னங்க?" என்று கேட்பது எதிராளியைச் சந்தேகப்படுகிற மாதிரி, மரியாதைக் குறைவு. அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு நான் வெயிலில் இறங்கி நடந்தேன்.

நாடி சரியில்லையா? இரண்டாகத் தெரிகிறதா? கையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லையே மனுஷன்! ஒருவேளை வைத்தியம் தெரிந்தவரோ? தெற்கே அப்படிக் குடும்பங்கள் உண்டு என்பார்கள். வருஷக்கணக்காக லென்ஸ் வழியாக முகங்களைப் பார்த்துப் பார்த்து, முகத்திலேயே நாடி தெரிய ஆரம்பித்துவிட்டதோ?

அன்று மத்தியானம் பாக்கிங் டேபிளுக்கு அடியில் கையை வைத்து என் நாடியைத் தேடினேன். கிடைக்கவில்லை. இடது கையில் தேடினேன். அதிலும் இல்லை. பிறகு ஒரு இடத்தில் ஏதோ துடித்தது... துடித்தது, நின்றது, மறுபடி இரண்டு தடவை சேர்ந்து துடித்தது. இரண்டாகத்தானே சொன்னார்!

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் டாக்டர். போகவில்லை. போய், அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பயம்தான். வேறு ஒன்றும் இல்லை. தெரியாமல் இருக்கிற வரைக்கும் பாதி நோய்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் அறிவித்தேன். "எல்லாரும் கிளம்புங்க. காத்தாட நடந்துட்டு வரலாம்."

தனியாகப் போயிருந்தால் தெய்வானைக்குச் சந்தேகம் வரும் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைப்பு வேறு.

"எங்கீங்க?" என்றாள் தெய்வானை.

"எங்கேயும் இல்லை. சும்மா."

"சும்மா எங்கீங்க?"

பதினோரு வருஷமாக வீட்டுக்கும் கம்பெனிக்கும் சைக்கிளில் போய் வருகிறவன், ஒரு நாள்கூடக் காரணமில்லாமல் வாசற்படி தாண்டாதவன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் குழப்பம் வராது? எங்கள் பக்கம் ஒரு குடும்பம் மொத்தமாக நடந்து போகிறதென்றால் ஒன்று விசேஷம், இல்லை இழவு. கையில் தட்டு இருந்தால் விசேஷம். எங்கள் கையில் தட்டு இல்லை.

முதல் இரண்டு நாள் நடை சகிக்கவில்லை. நான் முன்னால், படை மாதிரி மற்றவர்கள் பின்னால். வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம். பெரியவன் முள் குத்தியது என்றான். சின்னவனைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் என் நாடி நிஜமாகவே தாறுமாறாக அடித்தது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ என்னவோ ஆயிற்று.

நொய்யல் கரையில் நடந்துகொண்டிருந்தோம். மழை முடிந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பறவை தந்திக் கம்பியிலிருந்து கீழே விழுகிற மாதிரி இறங்கியது. இறக்கையை விரித்ததும் அப்படி ஒரு நீலம். பனியன் கம்பெனியில் எத்தனை சாயம் பார்த்தவன் நான், அந்த நீலத்தைப் பார்த்ததில்லை.

"மீன்கொத்தி" என்றேன் அதிகாரமாக.

"பனங்காடைங்கப்பா" என்றான் பெரியவன். "மீன்கொத்திக்கு மூக்கு இத்தாப் பெருசா இருக்கும்."

ஒன்பது வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் பார்க்கிறானாம். என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டிருந்தால்தானே சொல்வான்.

தெய்வானைக்கு வேறு கண். அவளுக்குச் செடிகள் எல்லாம் சாப்பாடு. "இங்க பாருங், பண்ணைக் கீரை! ஒரு நேரத்துக்கு ஆகும்" என்று குனிந்தால் நிமிர மாட்டாள். முந்தானை நிறையக் கீரையோடு வீட்டுக்கு வருவோம். வேலிப் பழத்தைப் பறித்துத் தின்று பையன்களின் வாய் சிவந்து கிடக்கும். வசந்தா என் பக்கத்தில் நடந்தபடி பள்ளிக்கூடக் கதை சொல்வாள். ஒரு நாள் இட்டேரியில் ஒரு கவுதாரி, பின்னால் ஆறு குஞ்சுகள், வரிசையாகப் பாதையைக் கடந்தது. நாங்கள் ஐந்து பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். சின்னவன் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் இங்கேயே இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து அரை மைலில். நான்தான் இல்லை.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் விட்டுவிட்டு, நாடி கெட்ட பிறகா இதைப் பார்ப்பது? சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டு நடந்தேன்.

"ஏனுங்கப்பா, நாம ஏன் தினமும் நடக்கறோம்?" என்று வசந்தா கேட்டது அன்றைக்குத்தான். மனம் இளகியிருந்த நேரம். வாய் தவறிவிட்டது.

"நாடி சரியில்லைன்னு சொன்னாங்க அம்முணி. அதான். அம்மாகிட்டச் சொல்லிராதே."

"சரிங்கப்பா" என்றாள். எங்கள் ஊர்ப் பெண்ணல்லவா! சரிங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாளிலிருந்து வீடு மாறிவிட்டது.

தெய்வானையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நான் "மழை வரும்போல இருக்கு" என்றால் "வராதுங்க" என்பாள். "வராதுபோல இருக்கு" என்றால் வெளியே காயப்போட்ட துணியை எடுக்கப் போவாள். அப்படிப்பட்டவள், நான் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்றாள். குழம்பில் உப்பு இல்லை என்றேன். "ஆமாங்க." கொஞ்ச நேரம் கழித்து, உப்பு அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன், சோதனைக்குத்தான். "ஆமாங்க" என்றாள்!

பையன்கள் சத்தம் போட்டால் "அப்பா இருக்காரு, சும்மா இருங்கடா" என்று அடக்கினாள். வசந்தா என் செருப்பைத் துடைத்து வைத்தாள். காலையில் கண் விழித்தால் தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றால் "ஒண்ணுமில்லீங்க." என்னிடம் சொல்லாமல் ஒரு நாள் பஸ் ஏறிச் சென்னிமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். எதற்கு என்றேன். "சும்மாங்க" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை எனக்கே திரும்பி வந்தது.

இவளுக்கு என்ன ஆயிற்று? உடம்புக்கு ஏதாவதா? எனக்கு நாடி சரியில்லை, இவளுக்கு என்ன சரியில்லை? அந்தக் குழப்பத்தில் என் பயம்கூடக் கொஞ்சம் பின்னால் போய்விட்டது.

அந்த வண்டிக்காரர் வண்டியை நிறுத்தியது இந்தச் சமயத்தில்தான்.

அப்புறம் ஸ்டூடியோவிலிருந்து கார்டு வந்தது. வந்தது எனக்குத் தெரியாது. நான் கம்பெனியில் இருந்தபோது வந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, சாமி கும்பிடும்போது முருகன் படத்துக்குக் கீழே திருநீற்றுப் பொட்டலத்தோடு ஒரு கார்டு. எடுத்துப் பார்த்தேன். "ஞாயிறு மூன்று மணிக்கு வரவும். தனிப் படம். கோட்டு நம்மிடம் இருக்கிறது. செல்லையா."

இதை ஏன் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்? ஸ்டூடியோக் கார்டுக்கு எதற்குத் திருநீறு? கேட்டால் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒரு விஷயம் எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் நெசவுக்காரக் குடும்பங்களில் யார் வீட்டுச் சுவரை வேண்டுமானாலும் பாருங்கள். கல்யாணப் படம் இருக்கும். காது குத்துக்குப் பத்துப் பேர் நின்ற படம் இருக்கும். ஒரே ஒரு ஆள் தனியாக இருக்கிற படத்துக்கு மட்டும் மாலையும் கீழே விளக்கும் இருக்கும். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் ஒற்றையாகப் படம் எடுத்துக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முகச் சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, வசந்தாவின் பவுடரில் கொஞ்சம் திருடிப் போட்டுக்கொண்டேன். "கம்பெனியில அவசர ஆர்டர். போய்ட்டு வந்தர்றேன்" என்றேன்.

தெய்வானை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பவுடர் பூசிக்கொண்டு பனியன் பாக்கிங் பண்ணப் போகிறவனை.

"சரிங்க" என்றாள்.

ஸ்டூடியோவில் செல்லையா கோட்டை மாட்டிவிட்டார். கைக்கு எட்டியது, வயிற்றுக்கு எட்டவில்லை. பின்னால் ஒரு திரை, அதில் ஏரி, இரண்டு அன்னம், பனி மலை. தினமும் நொய்யல் கரையில் நடந்தவனுக்கு அந்த ஏரி பிடிக்கவில்லை. விளக்குகள் எரிந்தன. செல்லையா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"பரவாயில்லயே அண்ணாச்சி! நடந்திருக்கிய. நாடி இப்ப ஒண்ணாயிட்டு."

எனக்கு உயிர் வந்தது. ஒரு மாதமாகத் தூக்கிச் சுமந்தது இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு மூச்சு விட்டேன். மூச்சு விட்டதில் தலை தொங்கியிருக்கிறது.

"அடடா... நாடி எறங்கிட்டே. எறங்குது பாருங்க, எறங்குது! தூக்குங்க, நாடியத் தூக்குங்க!"

நாடியைத் தூக்குவதா? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தூக்கினேன். வலது கையை மணிக்கட்டுத் தெரிகிற மாதிரி மேலே நீட்டினேன்.

அந்த நேரத்தில்தான் வாசல் திரையைத் தள்ளிக்கொண்டு தெய்வானை உள்ளே வந்தாள். பின்னால் மூன்று குழந்தைகள். அவள் கேட்டது "நாடி எறங்குது" என்பதை. பார்த்தது, விளக்குகளுக்கு நடுவே அளவு பொருந்தாத கோட்டில், கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற புருஷனை.

"ஐயோ சாமி!" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லையாவைப் பார்த்து, "ஏனுங்க, போட்டோ அப்பறம் புடிச்சுக்கலாமுங்க, மொதல்ல டாக்டரக் கூப்புடுங்க! எத்தன நாளுன்னு சொன்னாங்க? எங்கிட்டச் சொல்லுங்க, நான் தாங்கிக்குவனுங்க" என்றாள்.

செல்லையா துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார்.

"யாருக்கும்மா டாக்டரு?"

"நாடி சரியில்லீன்னு இவரே வசந்தாகிட்டச் சொன்னாருங்க! இப்ப நீங்களும் எறங்குதுன்னீங்களே!"

"ஆமா, சொன்னேன்." அவர் வந்து என் மோவாய்க்கு அடியில் ஒரு விரலை வைத்து மேலே தூக்கினார். "இதாம்மா நாடி. அண்ணாச்சிக்குச் சதை போட்டு ரெண்டாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. படத்துல அசிங்கமா விழும்னு நடக்கச் சொன்னேன். நீங்க என்னன்னு நெனச்சிய?"

அவர் ஊரில் மோவாய்க்குப் பெயர் நாடி! எங்கள் ஊரில் அது தாவாங்கட்டை.

முதலில் சிரித்தது பெரியவன். அப்புறம் வசந்தா. அப்புறம் நான், கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து விழுகிற அளவுக்கு. செல்லையா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தெய்வானை சிரிக்கவில்லை. என் கையை விடவும் இல்லை. நின்றபடியே அழுதாள். பிறகு திட்டினாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது, உப்பு இல்லாத குழம்பு உட்பட, எல்லாம் வந்தது. கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"தாவாங்கட்டைக்காகவா நான் சென்னிமலைக்குப் போனேன்? எல்லாப் படியும் முட்டி போட்டு ஏறுனனே, உங்க தாவாங்கட்டைக்கா?"

அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"எங்கப்பா இப்படித்தானுங்க பண்ணுனாரு."

மாமனாரின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். சாமளாபுரத்து வீட்டில் தறிக்கு மேலே, சுவரில், மாலையோடு. அது எப்படி எடுத்த படம் என்று கேட்டதில்லை. அவருக்கு நெஞ்சில் நோவு என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லாமல், பாவு நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பித் திருப்பூருக்கு வந்து, ஒற்றையாகப் படம் எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாராம். இரண்டு மாதத்தில் போய்விட்டார். சடங்குக்கு வேட்டி தேடும்போதுதான் அந்தப் படம் கிடைத்ததாம். அப்போது தெய்வானைக்குப் பதினாறு வயது.

"கடைசி நாளெல்லாம் தினமும் எங்ககூடச் சிரிச்சுப் பேசிட்டே இருந்தாரு. குளத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, கொக்குக் காட்டுனாரு. எங்களுக்கு ஒண்ணுமே தெரியிலீங்க. இப்ப நீங்க நடக்கறீங்க, குருவி காட்டறீங்க, ஒத்தையாப் போட்டோவுக்குக் கார்டு வருது... நான் என்னன்னு நெனைப்பேன்?"

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செல்லையாவிடம் கேட்டேனா?

"கேட்டா ஆமான்னு சொல்லிருவீங்கன்னு பயமுங்க" என்றாள். டாக்டர் வீட்டை இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போனவன் நான். அவளே தொடர்ந்தாள். "நீங்க போயிருவீங்களோன்னுகூட அவ்வளவு பயமில்லீங்க. சொல்லாமப் போயிருவீங்களோன்னுதான்."

ஒரு மாதம் தினமும் ஒரே பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நடந்திருக்கிறோம். அவள் மனதில் இருந்ததும் அதே பயம், என் மனதில் இருந்ததும் அதே பயம். ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கியிருந்தால் பாதிப் பாரம்தானே? தனித்தனியாக முழுசாகத் தூக்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் கீரையும் குருவியும் காட்டிக்கொண்டு நடந்தோம். படித்தவன், பத்தி எழுதுகிறவன், ஊருக்கெல்லாம் சொல்கிறவன்... என் பங்கு முட்டாள்தனத்துக்கு எந்தச் சாக்கும் இல்லை.

அப்புறம்தான் ஆசிரியரின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகையில் முகம் வரப் போகிறது என்றதும் தெய்வானை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதையாச்சும் சொல்லியிருக்கலாமில்ல" என்றாள்.

"சரி அண்ணாச்சி, வெளக்கு சூடாகுது" என்றார் செல்லையா. "அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நிக்கியளா? அவுகளத் தனியா எடுத்திருதேன்."

"ஒத்தையா வேண்டாமுங்க" என்றாள் தெய்வானை. மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் நகரவில்லை. "வசந்தா, வா இக்கட்ட. சின்னவன அப்பா மடியில குடு."

"பத்திரிகைக்குத் தனிப் படம்ல கேட்டிருக்காவ?"

"அவிய கேப்பாங்க. நீங்க எடுங்க."

எடுத்தார். படம் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. தெய்வானையின் கண் வீங்கியிருக்கிறது. வசந்தாவுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. பெரியவன் திரையில் இருக்கிற அன்னத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அப்படி ஒரு பறவையை அவன் நொய்யல் கரையில் பார்த்ததில்லை. சின்னவன் கோட்டின் காலரைக் கடிக்கிறான். எல்லோருக்கும் நடுவில் நான், மோவாயை மட்டும் பனியன் பெட்டிக்காரன் மாதிரி நிமிர்த்திக்கொண்டு. இதைவிட நல்ல படம் எனக்கு வாய்க்காது.

அதைத்தான் ஆசிரியருக்கு அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. "படம் பிரமாதம். உங்களை மட்டும் கத்தரித்து எடுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா?"

இந்தத் தடவை கடிதத்தைத் தெய்வானையிடம் படித்துக் காட்டினேன். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள், நடக்கக் கிளம்புகிற நேரம். "கத்தரிக்கறதுன்னா வேண்டாமுன்னு எழுதிருங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஆகையால், நான் பார்க்க எப்படி இருப்பேன் என்று கேட்டுக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரே பதில்தான் — நான் ஐந்து பேராக இருப்பேன்.